இராப் பள்ளிக்கூடமும் 'பைத்தியம்' என்ற பட்டமும்

(சிட்லபாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் நமது மேடைக்கு அவ்வளவு பழக்கமான விஷயமல்ல. புராணத்தைப் பற்றியோ, புரோகிதத்தைப் பற்றியோ பேசுவதாயிருந்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் கேட்க இனிப்பாயிருக்கும். ஆனால் இன்று நம்மையே நாம் விசாரித்துக்கொள்ள வேண்டியதாய் வந்து சேர்ந்திருக்கிறது. நமது படிப்பகத்தில் நடந்துவரும் முதியோர் இராப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரை நீக்கிவிட வேண்டுமென்று ஒரு தீர்மானம் தலைவரிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றது. கொடுத்தவர்கள் வைதீகர்களல்ல. நமது தோழர்களே கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறேன். நீங்கள் உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, ஒப்பினால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

அந்த இருவரும் யார்? ஒருவர் ஏரிக்கரைப் பக்கத்துக் குடிசையிலிருந்து வரும் இருளர் வகுப்பு அம்மாள். மற்றவர் தாம்பரம் ஸ்டேஷன் ஓரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவத் தோழர். அந்த அம்மாள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. சில நாள் திடீரென்று எழுந்து ஓடிவிடுகிறார். அந்தத் தோழர் தனக்குத்தானே பேசிக்கொள்ளுகிறார். ஒரு நாள் சத்தம் போட்டு சிலேட்டை உடைத்துவிட்டார். இவ்வளவுதான் குற்றச்சாட்டு. "கிறுக்குப் பிடித்தவர்களுக்கு எழுத்து எதற்கு? மற்றவர்கள் படிப்பும் கெடுகிறதே" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு யோக்கியமான பதில் சொல்லவேண்டியது என் கடமை.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தையே பாருங்கள். பக்கத்து ரயில்வே ஸ்டேஷனுக்கு என்ன பெயர்? தாம்பரம் சானடோரியம். ஒரு வியாதிக்காரர் விடுதியின் பெயரை ஒரு ஸ்டேஷனுக்கு வைத்து, அதையே நாம் தினமும் விலாசமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். 1928-ல் டாக்டர் சவரி முத்து என்பவர் இங்கே க்ஷயரோகக்காரர்களுக்காக அந்த விடுதியை ஏற்படுத்தினார். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் முன்ஜன்ம பாவம். அந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்கமாட்டார்கள், வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அது ஒரு கிருமியினால் வருவதென்று 1882-லேயே ராபர்ட் காக் என்கிற ஜெர்மன் வைத்தியர் கண்டுபிடித்துக் காட்டியிருந்தும், நம்மவர்களுக்கு விதிதான் பெரிதாயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1956 முதல் நமது சென்னையில், சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து மருந்து கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே மாதிரி குணமானார்கள். அவர்களோடு கூட இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு நோய் அதிகமாய்த் தொற்றவுமில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஒட்டுகிற வியாதியின் சங்கதியே இப்படியிருக்க, ஒட்டாத வியாதிக்காரரை நாம் பாயைவிட்டு எழுப்பப் பார்க்கிறோம்!

மனநோய் ஒட்டுவதுமில்லை, அபூர்வமுமில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ல் நமது மாகாணம் உள்பட 12 மாகாணங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதாவதொரு மனக்கோளாறு அப்போது இருந்ததாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லையென்றும் கண்டார்கள். இந்தக் கூட்டத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். கணக்கு உங்களுக்குத் தெரியும். ஆகவே இது இருளருடைய வியாதியென்றோ, குறவருடைய வியாதியென்றோ யாரும் நினைத்துவிட வேண்டாம். நமக்கு வந்தால் 'மனசு சரியில்லை' என்கிறோம், அவர்களுக்கு வந்தால் 'கிறுக்கு' என்கிறோம்.

பேய் பிசாசு விஷயத்தை நான் அதிகம் பேசப்போவதில்லை; உங்களுக்குத் தெரிந்ததே. குணசீலத்திற்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள்; ஏர்வாடிக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள்; ஜெபக் கூட்டத்திற்கும் அழைத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவருக்கும் பூரண ஒற்றுமை. ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் கருகிச் செத்தார்கள். நெருப்பைக் கண்டு ஓடவேண்டும் என்கிற புத்தி அந்தப் 'பைத்தியங்களுக்கு' இருந்தது. ஓடவிடும் புத்திதான் கட்டிவைத்தவர்களுக்கு இல்லை. அதற்குப் பின் 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த முறையிலும் எந்த இடத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று தடுத்திருக்கிறது.

ஆனால் நமது இருளர் அம்மாளுடைய கதையில் இந்த மந்திரவாதி வேறொரு வழியாக வருகிறான். அந்த அம்மாளுக்கு இரண்டாவது குழந்தை இறந்த பிறகு தூக்கமில்லை, சாப்பாடில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். பேய் என்று சொல்லி ஒரு பூசாரி வேப்பிலையால் அடித்தான். கோழி, சாராயம், தட்சணை எல்லாவற்றிற்கும் பணம் வேண்டுமே! புருஷன் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் முன்பணம் வாங்கினான். வெள்ளைத்தாளில் இருவரும் பெருவிரல் ரேகை வைத்தார்கள். அவ்வளவுதான். பேய் போகவில்லை, குடும்பம் முழுவதும் மில்லுக்குள் போய்விட்டது. நெல் அவிப்பதும், களத்தில் காயப்போடுவதும், ராத்திரி மழை வந்தால் எழுந்து அள்ளுவதும். எத்தனை வருஷம் வேலை செய்தாலும் கடன் ஏறினதே தவிர இறங்கவில்லை. வெளியே சாவுக்குப் போகவும் உத்தரவு வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து அதிகாரிகள் வந்துதான் அவர்களை மீட்டார்கள். நமது செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் பக்கங்களில் அரிசி ஆலையிலும், செங்கற் சூளையிலும், மரம் வெட்டும் கூப்பிலும் இப்படி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் அனேகம். பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் உலகத்தில் யாருமில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், அதையடுத்துப் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனதும் அந்தப் பிழைப்பில் கை வைத்தன. 1978-ல் வட நெம்மேலியில் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தை அவர்கள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஆலைக்கும் சூளைக்கும் போனார்கள்.

இப்போது யோசியுங்கள். அந்த அம்மாள் நமது வகுப்புக்கு வந்த முதல் நாள் நாம் என்ன செய்தோம்? ஒரு பெரிய பதிவேட்டை விரித்து, "கைநாட்டு வையம்மா" என்றோம். அவர் எழுந்து ஓடிவிட்டார். "பார்த்தாயா, கிறுக்கு" என்று சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தானிருக்கிறது. எந்தக் காகிதத்தில் ரேகை வைத்ததனால் ஒரு குடும்பமே அடிமையாயிற்றோ, அந்தக் காகிதத்தையே நாம் மறுபடியும் நீட்டினால், புத்தியுள்ளவர் ஓடுவாரா, உட்கார்ந்திருப்பாரா? எனக்குத் தோன்றுவது, அன்றைக்கு அந்த அறையில் சரியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

நரிக்குறவத் தோழர் விஷயத்தில் நாம் செய்த தப்பு வேறு. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. வாக்ரிபோலி என்கிற பாஷை, குஜராத்தி வகையைச் சேர்ந்தது, அதற்குச் சொந்த எழுத்துக் கிடையாது. தமிழ் அவர்களுக்குக் கடைத்தெருவில் பேரம் பேசும் பாஷை. நாமோ அவரை நமது பையனைப்போல் நினைத்துக்கொண்டு, தெரியாத பாஷையின் எழுத்தைத் தெரிந்த பாஷையின் எழுத்தென்று சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு, அவருக்கு காதில் குரல் கேட்கும் நோய் உண்டு. அதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரைகளில் சில கை நடுக்கத்தைக் கொடுக்கும், வாயை உலர்த்தும், கிட்டத்து எழுத்தை மங்கலாக்கும், தூக்கத்தைக் கொடுக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு எட்டரை மணி வகுப்புக்கு வருகிறார். பல்பத்தைப் பிடித்தால் கை ஆடுகிறது; எழுத்து இரண்டாகத் தெரிகிறது; வாத்தியார் "தூங்கறான் பார்" என்று அதட்டுகிறார். காதுக்குள்ளே ஒரு குரல் ஏற்கனவே அவரை ஏசிக்கொண்டிருக்க, வெளியிலிருந்தும் ஒரு குரல் ஏசினால் சிலேட்டு உடையாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தோழர் நம்மை எல்லாம் 'சாமி' என்று கூப்பிடுகிறார். சாமியே இல்லையென்று சொல்லும் நாமும் அந்த ஒரு இடத்தில் மட்டும் சாமியாக இருந்துகொண்டு, "டேய், இங்கே வா" என்கிறோம். அவர் வயது ஐம்பதுக்கு மேல்! சுயமரியாதை மேடையிலிருந்து இறங்கி நான்கு அடி நடந்தால் மரியாதை முடிந்துபோகிறதா? 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில், இதோ இந்தச் செங்கற்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு சவுந்திரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடி, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. முதலியார், நாயுடு, நாயக்கர் என்ற வாலெல்லாம் நறுக்கப்பட்டன. 'கிறுக்கன்', 'பைத்தியம்' என்ற வாலை மட்டும் மற்றவன் பெயருக்குப் பின்னால் நாமே தைத்துக் கொண்டிருக்கிறோம். நமது மேடைகளில் எதிரியை வைவதென்றாலும் 'பைத்தியக்காரன்' என்றுதான் வைகிறோம். நானும் வைதிருக்கிறேன். எதிரியின் வாதம் தப்பென்று சொல்ல நோயாளியை ஏன் இழுக்கவேண்டும்?

"இந்த வகுப்பாருக்கே மூளை அவ்வளவுதான், படிப்பு ஏறாது" என்று ஒரு தோழர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தோழர்களே! இந்த வார்த்தை உங்களுக்குப் புதிதா? சூத்திரனுக்குப் படிப்பு ஏறாது, ஏறினாலும் கூடாது என்று நம்மைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதானே இது? இது நமது நாட்டுப் பார்ப்பனீயத்துக்கு மட்டும் சொந்தமல்ல. கென்யா நாட்டில் வைத்தியராயிருந்த கரோதர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1953-ல் உலக சுகாதார ஸ்தாபனத்திற்காக எழுதிய ஒரு புத்தகத்தில், ஆப்பிரிக்கர் மனம் மூளையில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியர் மனத்தைப்போல் இருக்கிறதென்று எழுதினார். வெள்ளைக்காரன் எழுதினால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். மனு எழுதினால் சாஸ்திரம் என்று பெயர். சரக்கு ஒன்றுதான்.

அதே 1953-ல் வேலைக்கு வந்த ஒரு கறுப்பு வைத்தியர் அந்தப் பொய்யை வேலையிலேயே உடைத்துக் காட்டினார். பிரான்ஸ் பனான் என்று பெயர். மார்த்தினீக் தீவில் பிறந்தவர். அல்ஜீரியா தேசத்தில் பிளிடா என்ற ஊர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஐரோப்பியப் பெண்கள் வார்டு ஒன்று, முஸ்லிம் ஆண்கள் வார்டு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தன. இரண்டு வார்டிலும் ஒரே மாதிரி கூட்டம், பாட்டு, கைவேலை, நோயாளிகளே நடத்தும் பத்திரிகை என்று ஏற்பாடு செய்தார். ஐரோப்பியப் பெண்களிடம் நல்ல மாறுதல் தெரிந்தது. முஸ்லிம் ஆண்களோ அசையவேயில்லை. வேறொருவராயிருந்தால், "பார், இவர்களுக்கு மூளையில்லை" என்று எழுதி முடித்திருப்பார். பனான் என்ன செய்தார்? தப்பு நோயாளியிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது என்றார். அவர்கள் பாஷை வைத்தியருக்குத் தெரியாது; மொழிபெயர்ப்பவன் மூலம் பேசினார்கள். கொண்டாடச் சொன்னது அவர்கள் பண்டிகை அல்ல. அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள்; அவர்களுக்குப் பத்திரிகை எதற்கு? ஆகவே அவர்கள் ஊரிலிருப்பதுபோல் ஒரு காப்பிக்கடையை ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தார். அவர்கள் பண்டிகைகளை நடத்தினார். ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லுகிறவரை வரவழைத்தார். அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் செய்த பிசகையும் திருத்தத்தையும் மறைக்காமல் 1954-ல் தன் சகாவோடு சேர்ந்து எழுதி வெளியிட்டார். பெரிய மனுஷர்கள் தங்கள் வெற்றியைத்தான் அச்சுப் போடுவார்கள். இவர் தோல்வியை அச்சுப் போட்டார், அதனாலேயே நமக்குப் பிரயோஜனப்படுகிறார்.

இங்கிலாந்தில் இன்றைக்கும் என்ன நடக்கிறது? கறுப்பு நிறத்தாரை மனநோய்ச் சட்டத்தின்கீழ் பலவந்தமாய் அடைத்து வைப்பது வெள்ளையரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்று அந்த சர்க்கார் கணக்கே பல வருஷங்களாகச் சொல்லுகிறது. தோல் கறுத்தால் மனம் கெடுமா? கெடாது. வறுமையும், வெறுப்பும், வெளியூர்க்காரன் என்ற ஏச்சும் சேர்ந்தால் யாருக்கும் கெடும். உதவி நல்ல வார்த்தையாய் வராமல் போலீசாய் வந்தால் இன்னும் கெடும். நமது நாட்டில் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டு, 1911-ல் சென்னை ராஜதானிக்கும் நீட்டி, பிறக்கும்போதே சில வகுப்பாரைத் திருடர்கள் என்று எழுதி வைத்தார்கள். 1947-ல் அது நமது மாகாணத்தில் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தும் காக்கிச் சட்டையைக் கண்டால் நடுங்குகிற நடுக்கம் நாடோடி வகுப்பாரை விட்டு ஒழியவில்லை. அந்த நடுக்கம் அவர்கள் பாட்டனிடமிருந்து அவர்களுக்கு வந்த ஆஸ்தி.

"சரி, அதற்கு நாம் என்ன செய்வது? நாம் வைத்தியரா?" என்று கேட்பீர்கள். நாம் வைத்தியரல்ல, ஆகவும் வேண்டாம். மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொல்ல நமக்கு யோக்கியதையில்லை. அது டாக்டர் வேலை. ஆனால் மாத்திரை சாப்பிடும் நேரத்திற்கு முன்னால் வகுப்பை வைப்பது நமது வேலை. எட்டரை மணியை ஆறரை மணியாக மாற்றினால் யார் குடி முழுகிப்போகும்? நடுங்குகிற கைக்குச் சின்னப் பல்பத்தைக் கொடுக்காமல் தடித்த சாக்குக்கட்டியைக் கொடுத்து, பெரிய பலகையில் பெரிய எழுத்தாய் எழுதச் சொல்லுவது நமது வேலை. ஒரு நாளைக்கு நான்கு எழுத்தென்று ஓட்டாமல் ஒரு எழுத்தோடு நிறுத்துவது நமது வேலை. கதவோரத்தில் உட்காருகிறேனென்றால் உட்காரவிடுவோம். எழுந்து போனால் "எங்கே போகிறாய்" என்று கேட்காமல் விடுவோம். போகமுடியும் என்று தெரிந்தால்தான் அவர்களால் உட்கார முடிகிறது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசி என்று சொல்லக்கூடாது. உனக்கு என்ன வியாதி என்று வகுப்பில் கேட்கவே கூடாது. இரண்டு வாரம் வராவிட்டால் பெயரை அடிக்கக்கூடாது. இந்த நோய்கள் ஏறியும் இறங்கியும் வருபவை. ஏறின மாதத்தில் வரமாட்டார்கள், இறங்கின மாதத்தில் வருவார்கள். வந்த அன்றைக்கு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பதை விட்டு, "இத்தனை நாள் எங்கே போனாய்" என்று கேட்கிற வாத்தியார் ஒரு நல்ல ஆளைக் கொன்றுவிடுகிறார்.

என்ன சொல்லிக் கொடுப்பது என்பதும் ஒரு கேள்வி. நாற்பது வயது அம்மாளுக்கு 'அணில், ஆடு' என்று குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தோம். பிரேஜில் தேசத்தில் பவுலோ பிரெயர் என்கிற ஆசிரியர் 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலிக்காரர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்து வாசனை உண்டாக்கினார். எப்படி? அவர்கள் தொழிலிலும் வாழ்க்கையிலும் புழங்குகிற வார்த்தைகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவிட்டு, அவற்றிலிருந்தே எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். மறு வருஷம் ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது. எழுத்து வாசனை எவ்வளவு பயங்கரமான சரக்கு என்பது ஆளுகிறவனுக்குத்தான் சரியாகத் தெரிகிறது.

அதைப் படித்த பிறகு நாமும் ஒரு மாதமாக மாற்றிப் பார்த்தோம். பதிவேட்டைத் தூக்கிப் பெட்டியில் வைத்தாயிற்று. வகுப்பில் ஒரு பெண்மணி அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எந்த வார்த்தை எழுதவேண்டும் என்று கேட்டார். மூன்று நாள் பதிலில்லை. நான்காம் நாள், மெதுவாக, "களம்" என்றார். நெல் காயப்போடும் களம்! மூன்றே எழுத்து. அதை எழுதிக் காட்டி, 'ள'வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்டோம். பிறகு "எலி" வந்தது, "வளை" வந்தது. எலி வளையை எப்படி மோப்பம் பிடித்துத் தோண்டுவது, அதற்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லை எப்படி எடுப்பது என்று அரை மணி நேரம் அவர் பேசினார். நாங்கள் பத்துப் பேரும் வாய் பிளந்து கேட்டோம். வாத்தியார் மாணவராகிவிட்டார். போன வாரம் அவர் கேட்ட வார்த்தை "முன்பணம்". அதைத் தானே எழுதினார். எழுதினதும் அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். நாங்கள் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அவர் தேறிவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு மறுநாளே அவர் வரவில்லை. இன்னமும் பல நாள் ஒன்றும் பேசுவதில்லை. எழுத்து மருந்தல்ல. மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, ஜில்லா மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற நம்பருக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்தால் தமிழிலேயே பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நம்பரைச் சுவரில் எழுதிவைத்தால் அதைப் படிக்கத் தெரிய வேண்டாமா? மாத்திரை அட்டையில் காலை, இரவு என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டாமா? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நமது மாகாணத்தில் 100-க்கு 80 பேர் படித்தவர்கள். பழங்குடி மக்களில் 54 பேர்தான். மீதி 46 பேருக்குத்தான் வெள்ளைத்தாளை நீட்டிக்கொண்டு மில் முதலாளி நிற்கிறான்.

இதில் ஒரு சங்கடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாசி மகத்தன்று இருளர்கள் நான்கு திசையிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் கன்னியம்மாளுக்குப் படைத்து, அங்கேயே கலியாணமும் பேசி முடிக்கிறார்கள். அந்த வாரம் அந்த அம்மாள் வகுப்புக்கு வரவில்லை. "பகுத்தறிவுப் படிப்பகத்தில் படித்துக்கொண்டு சாமி கும்பிடப் போகலாமா" என்று ஒரு தோழர் கோபித்துக்கொண்டார். கன்னியம்மாள் உண்டு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அலை வந்து அந்த மணல் படியைக் கரைப்பதைத் தவிர அங்கே வேறு தெய்வச் செயல் ஒன்றும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மில்லுக்குள் அடைபட்டிருந்த வருஷங்களில் அவர் தன் ஜனங்களைப் பார்க்கவேயில்லை. அந்தக் கடற்கரையில்தான் தன் தங்கையைத் திரும்பவும் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த வாரம் முழுவதும் அவர் பேசினார். நான் தெய்வத்தைப் பற்றிப் பிரசாரம் செய்வதற்கு முன்னால் அவருக்குப் பேச்சு வரட்டும் என்று காத்திருக்கத் தயார். பேச முடிந்தவரோடுதானே வாதம் செய்ய முடியும்? இது என் கொள்கைக்குக் குறைவு என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைக்கலாம்.

கடைசியாக, நாம் இவர்களுக்கு ஏதோ தருமம் செய்வதாக யாரும் பெருமைப்பட வேண்டாம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு ஊனமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு, முதியோர் கல்வியிலும் தொடர் கல்வியிலும் இவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொள்ள சர்க்காரும், உள்ளூர் ஸ்தாபனங்களும் ஏற்பாடு செய்யவேண்டுமென்கிறது. சிட்லபாக்கம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. அப்படியானால் நமது உள்ளூர் ஸ்தாபனம் அதுதான். அவர்களை நாம் போய்க் கேட்கவேண்டும். நரிக்குறவர்கள் பல பத்து வருஷம் கேட்டுக் கேட்டு 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலில் ஏறினார்கள்; இன்னமும் சர்டிபிகேட்டுக்கு அலைகிறவர்கள் உண்டு. நமது தோழரும் அலைகிறார். அவர் கூட ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்க இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

"மற்றவர்கள் படிப்பு கெடுகிறது" என்ற ஒரு வாதம்தான் மிச்சம். அதில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வருகிற கூலிக்காரருக்குச் சத்தமில்லாத ஒரு மணி நேரம் வேண்டும்தான். அதற்கு இருவரை நீக்குவதை விட, இருவருக்காக இன்னொரு வாத்தியார் வருவது மேல். திங்கள், வியாழன் இரண்டு நாள் நான் வருகிறேன். உடைந்த சிலேட்டுக்கும் நான் காசு கொடுத்துவிட்டேன். அந்தத் தோழர் அதைக் கேள்விப்பட்டு ஒரு பாசிமணி மாலையைக் கொண்டுவந்து கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார்; அதை வாங்கமாட்டேனென்று சொல்லி நான் அவரை அவமானப்படுத்தவில்லை.

தீர்மானம் தலைவரிடம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டேன்.

(பின்னர் சில தோழர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கூறப்பட்டது. தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டு 11 பேர் ஆதரித்தும் மற்றவர்கள் எதிர்த்தும் தோல்வியுற்றது. வகுப்பு நேரம் மாலை ஆறரை மணியாக மாற்றப்பட்டது. ஆபீசுக்கு உடன் செல்ல மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தவர்.)